உயிர்ப்பு ஞாயிறன்றும் முடியாத நோன்பு



தொழுகைக்கூடத் தலைவர் யாயீரின் மகளை நம் ஆண்டவர் உயிர்ப்பித்த நிகழ்ச்சியை யாவரும் அறிவோம். அவளுக்கு அப்போது வயது 12. ஆண்டவர் அவள் கையைப் பிடித்து எழுப்பினார். அவளும் எழுந்து நடந்தாள். உடனிருந்தோர் மலைத்துப்போய் நின்றனர். அந்த மலைப்பின் நடுவே, சிறுமிக்கு உண்ண ஏதேனும் கொடுக்கும்படி ஆண்டவர் பணித்தார் என்று மாற்கு தம் நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தை முடிக்கிறார். இப்புதுமையைப் பற்றி எத்தனையோ முறை மறையுரை ஆற்றியிருக்கிறோம். ஆயினும் இக்கடைசிச் செய்தியில் ஒருநாளும் நின்று சிந்தித்ததில்லை. அதன் பொருளை நமக்கு உணர்த்தியவள் பதினாறு வயது மாணவி ஒருத்தி. அவளும் அவளுடைய பெற்றோரும் இசைவு தந்திருப்பதால், பெயரும் ஊரும் குறிக்காமல், தவக்காலம் நெருங்கிவரும் இத்திங்களில் அதை எழுதுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நாம் பணியாற்றிய பங்கில் அவள் பாடற்குழுவில் பாடி வந்தாள். பள்ளியிலும் மறைக்கல்வித் தேர்விலும் எப்போதும் முதலிடம். அவ்வாண்டு திருநீற்றுப் புதனன்று ஒருசந்தி தொடங்கினாள். முதல் வாரம் காலை உணவை விட்டாள். அடுத்த வாரம் இரவு உணவை விட்டாள். பிறகு நண்பகலில் சோற்றையும் ஒதுக்கி, ஒரு குவளை மோரோடு நிறுத்திக்கொண்டாள். அவளுடைய தாய் கவலையோடு வந்து, "சாமி, நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் சாப்பிடுவாள்" என்றார். "பக்தியைத் தடுக்காதீர்கள் அம்மா" என்று நாம் திருப்பி அனுப்பினோம். அதோடு நின்றோமா? அடுத்த ஞாயிறு மறையுரையில், ஒருவேளைப் பட்டினிக்கே முகம் சுளிக்கும் பெரியவர்களுக்குப் பாடற்குழுச் சிறுமி ஒருத்தியை எடுத்துக்காட்டாகப் புகழ்ந்தோம். பெயரைச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. கோயில் முழுவதும் அவளைத் திரும்பிப் பார்த்தது.

உயிர்ப்புப் பெருவிழா வந்தது. வீட்டில் பிரியாணி சமைத்து உற்றார் உறவினர் கூடி உண்டனர். அவள் மட்டும் வயிற்றுவலி என்று சொல்லித் தட்டை நகர்த்தினாள். மே மாத வெயிலிலும் குளிர்கிறதென்று போர்வை போர்த்தினாள். மாடிப்படியில் நூறுமுறை ஏறி இறங்கினாள். சமையல் குறிப்புகளைத் தேடித் தேடி எழுதி, தம்பிக்கும் தங்கைக்கும் விதவிதமாகச் சமைத்துப் போட்டாள். தான் ஒரு கவளமும் தொடவில்லை. ஜூன் மாதம் பள்ளி திறந்த வாரத்தில் மயங்கி விழுந்தாள். மருத்துவமனையில் அவளது நாடித்துடிப்பு நிமிடத்திற்கு 42 ஆக இருந்தது.

நலம் விசாரிக்கச் சென்ற நம்மிடம், அவள் நோன்பிருந்த செய்தியைத் தாய் வாயிலாக அறிந்திருந்த மருத்துவ அம்மையார், "உங்கள் நோன்பு எந்த நாளில் முடியும்?" என்று கேட்டார். "உயிர்ப்பு ஞாயிறன்று" என்றோம். "இந்தப் பெண்ணின் நோன்பு அன்று முடிந்ததா?" என்று மீண்டும் கேட்டார். நம்மிடம் விடையில்லை. நோன்புக்கு எல்லை உண்டு. நோய்க்கு எல்லை இல்லை என்பதை அன்று கற்றோம்.

நோயின் பல முகங்கள்

அவளைப் பற்றியிருந்த நோய்க்கு அனோரெக்சியா நெர்வோசா என்று பெயர். லண்டனில் வில்லியம் கல் என்பவரும் பாரீசில் லசேக் என்பவரும் 1873-ஆம் ஆண்டில் தனித்தனியே இதை விளக்கினர். உடல் எவ்வளவு மெலிந்தாலும் பெருத்துவிடுவோமோ என்ற அச்சம் நீங்குவதில்லை. பெண்களுக்கு மாதவிலக்கு நிற்கலாம், எலும்பு வலுவிழக்கும், இதயம் தளரும். மனநோய்களுள் உயிரிழப்பு மிகுந்தவற்றுள் இதுவும் ஒன்று. அமெரிக்கப் பாடகி கேரன் கார்ப்பெண்டர் 1983-ஆம் ஆண்டில், தம் 32-ஆம் வயதில், இந்நோயின் விளைவாக இதயம் செயலிழந்து இறந்தபோதுதான் உலகில் பலரும் இதன் பெயரையே முதன்முறையாகக் கேள்விப்பட்டனர்.

"புத்தி சொன்னால் சாப்பிட மாட்டாளா?" என்று கேட்போருக்கு ஒரு வரலாறு உண்டு. 1944-45-ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில், போரில் ஆயுதம் ஏந்த மனச்சான்று இடந்தராத 36 இளைஞர்கள், ஐரோப்பாவில் பட்டினியால் வாடுவோருக்கு உதவும் நோக்கத்தோடு தங்களையே ஓர் ஆய்வுக்கு ஒப்புக்கொடுத்தனர். ஆன்சல் கீஸ் என்ற அறிஞர் அவர்களுக்கு 24 வாரம் ஏறத்தாழப் பாதி உணவே அளித்தார். நல்ல உடலும் தெளிந்த மனமும் கொண்டிருந்த அவர்கள் எடையில் நாலில் ஒரு பங்கை இழந்தனர். அதனினும் வியப்பு, அவர்கள் மனம் மாறியதுதான். எந்நேரமும் உணவையே நினைத்தனர். சமையல் நூல்களைச் சேர்த்தனர். ஒருவேளை உணவை மணிக்கணக்கில் அளைந்து உண்டனர். சோர்ந்து, சினந்து, நண்பர்களை விட்டு ஒதுங்கினர். பட்டினியே மனத்தைக் கட்டிவிடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? நம் மாணவி எழுதிச் சேர்த்த சமையல் குறிப்புகளின் பொருள் இதைப் படித்த பிறகே நமக்கு விளங்கிற்று.

ஆனால் எலும்பும் தோலுமானவரை மட்டுமே தேடினால், நோயாளர் பலர் நம் கண்ணுக்குத் தப்பிவிடுவர். இதை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருத்தல் வேண்டும் என்பதே நமது நோக்கம்.

புலிமியா என்ற நோயை லண்டனில் ஜெரால்டு ரஸ்ஸல் என்ற மருத்துவர் 1979-இல் விளக்கினார். இதில் ஒருவர் மறைவாக, கட்டுப்பாடின்றி, ஏராளமாக உண்பார். பின்னர் அச்சமும் வெட்கமும் மேலிட வாந்தி எடுப்பார், அல்லது பேதி மாத்திரை விழுங்குவார், அல்லது பட்டினி கிடப்பார். உடல் எடை பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். ஆதலால் உடன் வாழ்வோருக்கும் தெரியாது. பல்லின் மேற்பூச்சு கரைதல், கன்னங்கள் வீங்குதல், உண்டவுடன் குளியலறைக்குச் சென்று குழாயைத் திறந்துவிடுதல் ஆகியவை அடையாளங்கள். உடலில் பொட்டாசியம் குறைந்து இதயத்துடிப்பு தடுமாறவும் கூடும். பிரிட்டானிய இளவரசி டயானா, தமக்கு இந்நோய் இருந்ததை 1995-இல் தொலைக்காட்சிப் பேட்டியில் வெளிப்படையாகக் கூறினார்.

மற்றொன்று, மிதமிஞ்சி உண்ணும் நோய். திருவிழாவில் இரண்டு தட்டு கூடுதலாக உண்பது இதுவன்று. பசியில்லாதபோதும், தனிமையில், விரைவாக, நிறுத்த இயலாமல் உண்டு, பின் தன்னையே வெறுத்து அழுவது இது. வாரம் ஒருமுறையேனும் மூன்று மாதம் தொடர்ந்தால் நோயெனக் கொள்வர். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட கையேட்டில் இது தனிநோயாக இடம்பெற்றது. உலக நலவாழ்வு நிறுவனத்தின் நோய்ப் பட்டியலும், 2022-இல் நடைமுறைக்கு வந்த பதிப்பில், இதை ஏற்றது. இவர்களைப் பார்த்து, "வாயைக் கட்டத் தெரியாதவன்" என்று நகைக்கிறோம். நகைப்புக்கு அஞ்சி அவர்கள் இன்னும் மறைவாக உண்கின்றனர். ஆண்களிடமும் இது குறைவன்று.

சில குழந்தைகள் வெண்சோறும் தயிரும் தவிர வேறெதையும் தொடமாட்டார்கள். பிடிவாதம் என்கிறோம்; பெரும்பாலும் அது வளர்ச்சியில் தானே நீங்கும். ஆனால் உணவின் வழவழப்போ மணமோ தாங்காமலும், தொண்டையில் சிக்கிவிடும் என்று அஞ்சியும், எடை குறைந்து சத்துக் குன்றும் அளவிற்கு ஒரு குழந்தை உணவை ஒதுக்குமானால் அதுவும் நோயே. உடல் பருக்கும் என்ற அச்சத்திற்கு இதில் இடமே இல்லை. அடித்து ஊட்டினால் அச்சம் இருமடங்காகுமேயன்றித் தீராது.

பலப்பம், சாம்பல், செம்மண், சுவர்ச் சுண்ணாம்பு இவற்றைத் தின்னும் சிறுவரையும், கருவுற்ற பெண்களையும் நம் ஊர்களில் கண்டிருக்கிறோம். இதற்குப் பைக்கா என்று பெயர். பலரிடம் இரத்தத்தில் இரும்புச்சத்துக் குறைவும் சேர்ந்தே காணப்படும். வாயில் சூடு வைக்காமல் இரத்தப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுதலே அறிவுடைமை. விழுங்கிய உணவை மீண்டும் வாய்க்குக் கொணர்ந்து அசைபோடும் நோயும் உண்டு.

இறுதியாக, எந்தப் பெயருக்குள்ளும் முழுமையாக அடங்காதவர் பலர் உளர். பருமனாக இருந்த ஒருவர் உண்ணாமல் இருந்து குறுகிய காலத்தில் பெருமளவு மெலிகிறார். இப்போது எடை சரியாக இருக்கிறதென்று எல்லோரும் பாராட்டுகின்றனர். உள்ளே இதயம் தளர்ந்துகொண்டிருக்கிறது. பெயர் பொருந்தாவிடினும் ஆபத்து குறைவதில்லை. தராசு எல்லா நோயையும் காட்டாது என்பதை மனத்தில் இருத்துங்கள்.

ஏன் வருகிறது?

பெற்றோரே காரணம் என்று முன்னாளில் பழித்தனர். அது நியாயமன்று. பிறவிக்கூறு, எதையும் குறையின்றிச் செய்யத் துடிக்கும் இயல்பு, துயரம், கடுமையான உணவுக்கட்டுப்பாடு எனப் பல இழைகள் சேர்ந்தே இந்நோய் பின்னப்படுகிறது. சுற்றுப்புறத்திற்கும் பங்குண்டு. பிஜித் தீவில் நட்ரோகா என்னும் பகுதிக்கு 1995-இல் தொலைக்காட்சி வந்தது. நல்ல உடற்கட்டே அழகென்று மதித்த மக்கள் அவர்கள். எடை குறைக்க வாந்தி எடுப்பதாக அவ்வாண்டு ஆன் பெக்கர் என்ற ஆய்வாளரிடம் கூறிய பள்ளி மாணவியர் ஒருவருமில்லை. மூன்றாண்டு கழித்து, நூற்றுக்கு 11 பேர் அவ்வாறு கூறினர். இன்று அத்திரை ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் இருக்கிறது. பெண்பிள்ளைகள் மட்டுமன்று, உடற்பயிற்சிக் கூடமே கதியென்று கிடந்து, ஒவ்வொரு கவளத்தையும் கணக்கிடும் இளைஞரையும் கவனியுங்கள்.

திரையைக் குறைகூறும் முன் நம் நாவையும் ஆராய்வோம். சாமுவேல் முதல் நூலில் அன்னா உண்ணாமல் அழுதாள் என்று வாசிக்கிறோம். உணவு இல்லாமலா? எல்கானா அவளுக்குப் பங்கு தந்திருந்தான். பெனின்னாவின் குத்தல் சொல்லே அவளை உண்ணவிடாமல் செய்தது. திருமண வீட்டில் ஒரு பெண்ணைக் கண்டவுடன் நாம் கேட்பது என்ன? "என்ன இப்படிப் பெருத்துவிட்டாய்?" வரன் பார்க்க வருவோர் சொல்வது என்ன? புதுநன்மை உடை பொருந்தவில்லையென்று ஒன்பது வயதுச் சிறுமியைத் தையற்கடையில் கேலி செய்வோரும் உளர். சொன்னவர் மறந்துவிடுவார், கேட்ட பிள்ளை தட்டின் முன் அமரும்போதெல்லாம் அச்சொல் முதலில் வந்து அமரும்.

நோன்பின் உண்மைப் பொருள்

நோன்பைக் குறைத்துப் பேசுவதாக எவரும் எண்ணவேண்டாம். ஒறுத்தல் நம் நம்பிக்கையின் செல்வம். ஆனால் திருச்சபை ஒரு தாயின் கணக்கோடு அதை அளந்து கொடுத்திருக்கிறது. 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் 1252-ஆம் எண்ணில், சுத்தபோசனம் 14 வயது நிறைந்தோரையும், ஒருசந்தி 18 வயது நிறைந்தோரை அறுபதாம் வயது தொடங்கும்வரையிலும் கட்டுப்படுத்தும் என்கிறது. பதினாறு வயது மாணவியை ஒருசந்திச் சட்டம் கட்டுப்படுத்தவே இல்லை. குருமடத்தில் சட்டம் பயின்ற நாமே அதை அவளுடைய தாய்க்கு எடுத்துச் சொல்லாதிருந்தோம். நோயுற்றோரை நோன்பு கட்டுப்படுத்தாது, உணவுநோயும் நோயே. நன்மை வாங்குமுன் காக்க வேண்டிய ஒருமணி நேர உபவாசத்திலிருந்தும் நோயாளர் விலக்குப் பெற்றவர். இத்தகையோர் உணவை விடுத்து வேறு ஒறுத்தலைத் தேர்ந்துகொள்ளட்டும். அவர்கள் மருத்துவர் சொன்னபடி ஒரு வேளை உணவை முழுவதும் உண்பதைவிடக் கடினமான ஒறுத்தல் வேறில்லை என்பதையும் கண்டிருக்கிறோம்.

புனிதர்களை எடுத்துக்காட்டுவோரும் உண்டு. சியன்னா நகர்ப் புனித கத்தரீனம்மாள் மிகக் கடுமையாக நோன்பிருந்து, 1380-இல் தம் 33-ஆம் வயதில் இறந்தார். உண்ணும்படி அவரை வற்புறுத்தியோரும் உண்டு. நோயாளருக்குப் பணிசெய்த அவரது அன்பும், திருச்சபையின் ஒற்றுமைக்கு உழைத்த துணிவும், ஆழ்ந்த போதனையும் அன்றோ 1970-இல் அவரை மறைவல்லுநராக உயர்த்தின! புனித இஞ்ஞாசியாரும் 1522-இல் மன்ரேசாவில் அளவுமீறி நோன்பிருந்து உடல்நலம் கெட்டார். அப்பட்டறிவைப் பெற்றவர், பிற்காலத்தில் பிறரை வழிநடத்துகையில், உடலைக் குலைக்கும் ஒறுத்தலை ஏற்கவில்லை.

மறைவாக உண்டு மறைவாக அழுவோருக்கும் ஒரு சொல். போசனப்பிரியம் என்ற பாவத்தைச் செய்துவிட்டதாக நீங்கள் உங்களையே வதைத்துக்கொள்கிறீர்கள். அச்சமும் பழக்கமும் உளவியல் காரணங்களும் மனிதரின் பொறுப்பைக் குறைக்கவோ நீக்கவோ கூடும் என்று 1992-இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூல் கற்பிக்கிறது. ஆறுதலுக்காக ஒப்புரவுத் தொட்டிக்கு வாருங்கள்; நோய் தீர மருத்துவரிடமும் செல்லுங்கள். ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது.

குடும்பம் செய்யக்கூடியது

முதலில், கவனியுங்கள். "பிறகு சாப்பிடுகிறேன்" என்ற பேச்சு பல வாரம் தொடர்ந்தால், குடும்பத்தோடு உண்ணப் பிள்ளை அஞ்சினால், உணவுப் பொருள் மறைவாகக் குறைந்தால், விசாரியுங்கள். பலர் முன்னிலையில் வேண்டாம். உணவு வேளையிலும் வேண்டாம். "உன்னைப் பற்றிக் கவலையாக இருக்கிறது, தனியாக விடமாட்டோம்" என்பது போதும். மிரட்டலும், கையூட்டும், எடையைப் பற்றிய பாராட்டும் தவிருங்கள்.

அடுத்து, மருத்துவரிடம் செல்லுங்கள். பொது மருத்துவரும் மனநல மருத்துவரும் இருவருமே தேவைப்படலாம். யாரிடம் போவதென்று தெரியாவிடில், 2022-இல் இந்திய அரசு தொடங்கிய டெலிமானஸ் என்னும் மனநல உதவிக்கு 14416 என்ற எண்ணில் பேசலாம். மயக்கம், நெஞ்சுப் படபடப்பு, ஓயாத வாந்தி, உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு இவை தோன்றினால் ஒருநாளும் தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். நெடுநாள் பட்டினி கிடந்தவருக்குத் திடீரென விருந்து படைப்பதும் உயிருக்கு ஆபத்து. இரத்தத்திலுள்ள உப்புகள் நிலைகுலையும். மருத்துவர் அளவிட்டபடியே உணவைக் கூட்டவேண்டும்.

இந்நோய்கள் குணமாகக்கூடியவை. புலிமியாவுக்கும் மிதமிஞ்சி உண்ணும் நோய்க்கும் முறையான உரையாடல் சிகிச்சை நற்பயன் தருகிறது. பட்டினி நோயுற்ற வளரிளம் பிள்ளைகளுக்கு, 1980-களில் லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் ஒரு முறை வளர்ந்தது. அதில், பிள்ளை தானே உண்ணும் வலிமை பெறும்வரை, ஒவ்வொரு வேளை உணவின் பொறுப்பையும் மருத்துவர் பெற்றோரிடமே ஒப்படைக்கிறார். பெற்றோர் அருகில் அமர்ந்து, கோபமின்றி, விட்டுக்கொடுக்காமல், உண்ணச் செய்கின்றனர். பிள்ளை தேறத் தேறப் பொறுப்பை அதனிடமே திருப்பித் தருகின்றனர். யாயீர் வீட்டில் ஆண்டவர் செய்ததும் இதுவன்றோ! எழுப்பியவர் அவர், உணவளிக்கும் பணியை வீட்டாரிடம் விட்டார்.

நம் மாணவிக்கு நலம் திரும்ப இரண்டாண்டுக்கு மேல் ஆயிற்று. தந்தை வேலைநேரத்தை மாற்றிக்கொண்டார். தாய் ஒவ்வொரு வேளையும் அருகில் அமர்ந்தார். சில நாள் ஓர் இட்டிலிக்கு ஒருமணி நேரம். அழுகையும் வசையும் உண்டு, பின்னடைவும் உண்டு. தேறிய பிறகு ஒருநாள் அவள் நம்மிடம் வந்து, "சாமி, தவக்காலம் பாதியிலேயே பயந்துபோய், நிறுத்திவிடலாம் என்றுதான் நினைத்தேன். நீங்கள் கோயிலில் புகழ்ந்தபிறகு நிறுத்த முடியவில்லை" என்றாள். அவளிடமும் அவளுடைய பெற்றோரிடமும் மன்னிப்புக் கேட்டோம். அன்றுமுதல் எவருடைய பட்டினியையும் நாம் பீடத்திலிருந்து புகழ்வதில்லை. பிள்ளையின் உணவைப் பற்றிக் கவலையோடு வரும் எந்தத் தாயையும் பக்தியைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்புவதில்லை.

இத்தவக்காலத்தில் உங்கள் வீட்டிலும் ஒருசந்தி இருக்கட்டும். பெரிய வெள்ளியன்று கோயில் முற்றத்தில் கஞ்சியும் காய்ச்சுவோம். பின் உயிர்ப்பு ஞாயிறன்று குடும்பத்தோடு உணவுக்கு அமரும்போது, உங்கள் பிள்ளைகளின் தட்டை மட்டும் பாராமல், அவர்கள் முகத்தையும் பாருங்கள். எவருடைய நோன்பேனும் அன்றும் முடியவில்லையெனில், அப்பிள்ளையைக் கடிந்துகொள்ளாமல் கையைப் பிடித்து எழுப்புங்கள். உண்ணக் கொடுக்கும் பொறுப்பை ஆண்டவர் உங்களிடமே விட்டிருக்கிறார்.